மச்சினன் கால் உடைந்த கதையும் ஒரு 105 ரூபாயும்

என் மச்சினனின் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. மச்சினனுக்கு இல்லை. வண்டிக்கு இருந்ததும் ஆசைப்பட்டு எடுத்தது கிடையாது. வேளச்சேரிப் பக்கம் ஒருநாள் மடக்கி அபராதம் போட்டார்கள். அங்கேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டு போனிலேயே பாலிசிக்குப் பணம் கட்டினான். அந்த பாலிசி எதற்கு என்று பார்த்தால், இவன் போய் யார் மீதாவது இடித்தால் அவருக்கு நஷ்ட ஈடு கொடுப்பதற்கு. கூடவே ஓட்டுகிற சொந்தக்காரர் செத்துப் போனாலோ நிரந்தரமாக ஊனமானாலோ ஒரு தொகை. கால் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் அதிலிருந்து ஒரு பைசா வராது. ஊரில் இருக்கிற அத்தனை பேர் காலுக்கும் அவன் காப்பீடு வைத்திருந்தான், தன் காலைத் தவிர.

அவன் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்த மாதங்களில் என்னைவிட அதிகம் சம்பாதிப்பான். ஆடியிலும் மார்கழியிலும் என்னிடம் கைமாத்து கேட்பான். விபத்துக்கு ஒரு வருடம் முன்னால், எனக்குத் தெரிந்த ஏஜென்ட்டை அவனிடம் கூட்டிப்போனேன். ஐந்து லட்சத்துக்கு மருத்துவ பாலிசி, வருடம் சுமார் 9,000 ரூபாய். பொறுமையாகக் கேட்டான். ஏஜென்ட் போனதும் சொன்னான்: "பத்து வருஷம் கட்டினா தொண்ணூறாயிரம் மாமா. அதுல ஒரு லென்ஸ் வாங்கிடலாம். எனக்கு என்ன சுகரா, பிரஷரா? என் உடம்பு, என் காசு. விடுங்க." அவன் நண்பன் ஒருவனுக்கு க்ளெய்ம் மறுத்துவிட்டார்களாம், அதையும் சொன்னான். முட்டாள்தனமான பேச்சு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. முப்பத்தாறு வயதில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மாதம். ஒரு ரிசப்ஷன் முடித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டரைக்கு துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் வந்துகொண்டிருந்தான். குறுக்கே ஓடிய நாயைக் காப்பாற்றப் போய்ச் சறுக்கினான். நாய்க்கு ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. கேமராப் பையை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தானாம்.

108 வந்தது, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. ஏ.டி.எம்.மில் எடுத்த பணத்தைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு கவுன்டருக்குப் போனால், "இப்போதைக்கு கட்ட வேணாம் சார், நாப்பத்தெட்டு மணி நேரம் கவர்ன்மென்ட் பாத்துக்கும்" என்றார் அங்கிருந்த பெண். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர், எந்த மாநிலம் என்ற பேச்சே இல்லை. காயத்தைக் கழுவி, வெளியே கம்பி வைத்து எலும்பை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் எனக்குப் பெருமையாக இருக்கும் சில விஷயங்களில் இது ஒன்று. அந்த ராத்திரியில் அழாத குறையாக அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன்.

மூன்றாவது நாள் காலை எஸ்டிமேட் வந்தது. உள்ளே ராடு வைத்து, தோலை ஒட்டி, அறை வாடகையோடு மூன்றே கால் லட்சம். "கேஷா, இன்சூரன்ஸா?" என்று கேட்டார் பில்லிங்கில் ஒருவர். சென்னையில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பெயருக்கு முன்னால் கேட்கும் கேள்வி. பதிலைப் பொறுத்து எஸ்டிமேட்டும் கொஞ்சம் அப்படி இப்படி நகரும் என்பது ஊர் அறிந்த ரகசியம். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் என் மனைவியைப் பார்த்தேன். அன்று மத்தியானம் நகரத்தின் அரசு மருத்துவமனைகளில் ஒன்றுக்கு அவனை மாற்றினோம்.

அங்கே அவனுக்கு பதினைந்தாம் நம்பர் பெட். பதினாலில் வியாசர்பாடிக்காரர் ஒருவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். தொடை எலும்பு முறிவு. எங்களுக்கு ஐந்து நாள் முன்னாலேயே வந்து, எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு படுத்திருந்தார். அவர் மனைவிதான் எங்களுக்கு அந்த வார்டின் சட்டதிட்டங்களைச் சொல்லிக்கொடுத்தார். வெந்நீர் எங்கே கிடைக்கும், எக்ஸ்ரே படத்தை மெத்தைக்கு அடியில் வைத்தால் எவ்வளவு பத்திரம், ராத்திரி வராண்டாவில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் பாய் போட்டால் சாரல் அடிக்காது. 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து, காலை, ராத்திரி என்று தனித்தனி மூக்குத்தூள் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். என் மனைவிக்கும் இரண்டு டப்பா கொடுத்தார்.

காப்பீட்டுத் திட்ட மேசையில் இருந்தவர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேட்டார். இல்லை. வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்கிற குடும்பத்துக்குத்தான் அது. "வருமானச் சான்று வாங்கிட்டு வாங்க, கலெக்டர் ஆபீஸ்ல கார்டு போட்டுக்கலாம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். கல்யாண வீடியோ எடுப்பவனுக்குச் சம்பளச் சீட்டா இருக்கிறது? நானும் என் மனைவியும் வராண்டாவில் நின்று கால் மணி நேரம் அதைப் பேசினோம். சான்று வாங்கவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் ஆபரேஷன் தேதி கிடைத்துவிட்டது, அட்டை இல்லாமலே செய்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை லிஸ்டில் பதினாலாம் பெட்காரர் பெயர் இருந்தது. புதன் சாயங்காலம் அதை எடுத்துவிட்டு மச்சினன் பெயரைப் போட்டார்கள். திறந்த காயம், சீழ் பிடித்தால் காலுக்கே ஆபத்து என்பதால் அவன் முதலில். மருத்துவரீதியாக நூற்றுக்கு நூறு சரியான முடிவு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சிபாரிசும் இல்லை. பதினாலாம் பெட்காரருக்கு அடுத்த திங்கள் என்றார்கள். அவர் மனைவி நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். அன்று ராத்திரி போனில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, இன்னும் நாலு நாள், இன்னும் நாலு நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டில் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "பரவால்ல, அந்த வூடு மூணாவது மாடி" என்றார்.

என் உடம்பு, என் காசு.

அந்த வார்த்தையை நான் மச்சினனிடம் திருப்பிச் சொல்லவில்லை, இன்றுவரை. ஆனால் அன்றிலிருந்து மண்டையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் மிச்சம் பிடித்த 9,000 ரூபாய்க்கு யார் யாரெல்லாம் பங்கு போட்டார்கள்? முதல் 48 மணி நேரத்துக்கு அரசுக் கஜானா. ராடுக்கும் மாத்திரைக்கும் மறுபடி கஜானா. தியேட்டரில் ஒரு வியாழக்கிழமைக்குப் பதினாலாம் பெட். மூன்றாவது மாடி வீட்டுச் சம்பளத்துக்கு அந்த அம்மா. இந்தக் கடைசி இரண்டும் எந்த பட்ஜெட்டிலும் வராது. பதினாலாம் பெட்காரருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததே, பட்டியலில் உள்ள தனியாருக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். "உள்ள விட்டாப் போதும், அப்புறம் இது சேராது அது சேராதுன்னு கேப்பாங்க சார்" என்றார். பயம். அவருக்கு இருந்த தேர்வு அவ்வளவுதான்.

இனி என் பக்கத்துக் கதை. எனக்கும் மனைவிக்கும் ஒரு பாலிசி, அம்மாவுக்குத் தனி பாலிசி. அம்மாவின் பிரீமியம் இரண்டே வருடத்தில் 31,000-லிருந்து 52,000-க்குப் போனது. ஏஜென்ட்டைத் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், உங்க மச்சான் மாதிரி ஆளுங்க சேர்ந்தா குறையும்" என்றார். வியாபாரப் பேச்சுதான், ஆனாலும் விஷயம் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் மொய் எழுதுவார்கள். நீங்கள் ஊரில் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போய் ஐந்நூறு, ஆயிரம் என்று எழுதிக்கொண்டே வருகிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு காரியம் வரும்போது அது திரும்பி வருகிறது. இப்போது ஒருவர் இருபது வருடம் எந்த வீட்டுக்கும் போகாமல் இருந்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய் மொய் வைக்க ஆரம்பித்தால்? எல்லாரும் அப்படியே செய்தால் மொய் நோட்டில் செலவு இருக்கிற வீடுகள் மட்டும்தான் மிஞ்சும். அதனால்தான் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு நான்கு வருடம் வரை காக்க வைக்கலாம் என்று இருந்ததை 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மூன்று வருடமாகக் குறைத்தது. புதிதாகச் சேர்ப்பதை நிறுவனங்கள் 65 வயதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்ததும் அதே வருடம் போனது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்றது. மூன்றுமே நல்ல விதிகள். மூன்றாவது என் அம்மாவுக்கு நேரடி லாபம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வயதானவருக்கு ஏற்றக் கூடாது என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து வைத்தால், குளிரூட்டிய அறையின் கரண்ட் பில்லை உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்தான் கட்ட வேண்டும்.

இதில் அமெரிக்கா நமக்கு ஒரு பாடப்புத்தகம். என் அக்கா குடும்பம் நியூ ஜெர்சியில். 2016-ல் அத்தானுக்கு நடுவில் சில மாதம் வேலை இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. ஒபாமா கொண்டுவந்த 2010 சட்டப்படி, காப்பீடு எடுக்காவிட்டால் அபராதம்: முழு வருடத்துக்கு அப்போது ஆளுக்கு 695 டாலர், அல்லது வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தில் இரண்டரை சதவீதம், எது அதிகமோ அது. அத்தான் விலக்கு கேட்டு எழுதிப் பார்த்தார், கிடைக்கவில்லை, கட்டினார். "ஒரு பொருளை வாங்கலைன்னு ஃபைன் போடற நாடு இது ஒண்ணுதான்" என்று போனில் பொருமினார். அவர் கேட்ட கேள்விதான் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் வந்தது. 2012 மார்ச் விசாரணையில் நீதிபதி ஸ்காலியா, அப்படியானால் மக்களை ப்ராக்கோலி வாங்கச் சொல்லியும் கட்டாயப்படுத்தலாமே என்று கேட்டார். நம் ஊரில் என்றால் முருங்கைக்காய். ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், இதை ஒரு வரியாகப் பார்த்தால் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

ப்ராக்கோலி வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ப்ராக்கோலி சாப்பிடாததால் நள்ளிரவில் யாரும் எலும்பு தெரிய வந்து நிற்பதில்லை. 1986-லேயே ரீகன் காலத்தில் அங்கே ஒரு சட்டம் வந்துவிட்டது: அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் காசு இருக்கிறதோ இல்லையோ, பரிசோதித்து நிலைப்படுத்தாமல் அனுப்பக் கூடாது. ஆக, வாசலில் வந்தவனைத் துரத்தவும் கூடாது, முன்கூட்டியே காசு வாங்கவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால் நடுவில் ஒரு பில் அநாதையாக நிற்கும். அதை மற்ற நோயாளிகளின் கட்டணத்தில் ஏற்றுவார்கள், மருத்துவமனை விழுங்கும், அல்லது அரசு கொடுக்கும். 2017 வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. சுதந்திரம் வந்துவிட்டது என்று அத்தான் நினைத்தார். அவர் இருக்கும் நியூ ஜெர்சி அதே 2019-லிருந்து மாநில அளவில் தானே ஒரு கட்டாயத்தைக் கொண்டுவந்துவிட்டது. அக்கா அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்து வேறு மாதிரி. 1996-லிருந்து அடிப்படைக் காப்பீடு அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் கட்டாயம். எந்த நிறுவனம் என்பது உங்கள் இஷ்டம், எடுப்பதா வேண்டாமா என்பது இல்லை. வருகிறவர் நோயாளி என்று நிறுவனமும் மறுக்க முடியாது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே என்னைப் போன்றவனின் தேர்வுக்கு அரசு என்ன கொடுக்கிறது என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். வருமான வரியின் பழைய முறையில், காப்பீட்டுக்குக் கட்டிய பிரீமியத்தில் எனக்கும் குடும்பத்துக்கும் 25,000, மூத்த குடிமகளான அம்மாவுக்கு 50,000 வரை கழிக்கலாம். முழு 75,000-ஐயும் கழித்தால், 30 சதவீத வரியில் இருப்பவனுக்கு செஸ்ஸோடு சேர்த்து 23,400 ரூபாய் மிச்சம். இன்னொரு வேடிக்கை: வயதானவருக்குக் காப்பீடே எடுக்காமல் வைத்திருந்தாலும், அவருடைய மருத்துவச் செலவை 50,000 வரை அதே கழிவாகக் காட்டலாம். எடுத்தாலும் சலுகை, எடுக்காவிட்டாலும் சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பூஜ்யமாகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அந்தப் பணம் எங்கோ வராமல் போகிறது என்பது நோட்டீஸில் இல்லை. அப்புறம், பலவிதமான பாலிசி, பலவிதமான விளம்பரம், ஏஜென்ட் கமிஷன். மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கும் நிறுவனங்கள் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை நிர்வாகச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. கடையில் நிறைய சட்டை தொங்கவிடுவதற்கும் ஒரு செலவு உண்டுதானே.

என் அலுவலகத்தில் தரை துடைக்கும் அக்காவுக்குச் சம்பளம் 14,000. அதில் மாதம் 105 ரூபாய் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் போகிறது, முக்கால் சதவீதம். முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம், 455. 1948-ல் வந்த சட்டத்தில் தொடங்கியது. அதன் கீழ் வரும் நிறுவனத்தில் சம்பளம் 21,000 வரை இருந்தால் கட்டாயம். உனக்கு வேண்டுமா, வேறு கம்பெனி பார்க்கிறாயா, பத்து வருடம் கட்டினால் ஒரு லென்ஸ் வாங்கலாமே என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. "பிடிச்சுட்டுதான் குடுப்பாங்க, நாம என்ன பண்றது?" என்றார், நான் கேட்டபோது. நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

எனக்கு அங்கேதான் உறைத்தது. மருத்துவக் காப்பீட்டில் தனிமனிதத் தேர்வு என்று நாங்கள் சண்டை போடுகிறோமே, அந்தச் சொல்லே 21,000-க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே சம்பளம் வாங்குகிறவருக்குக் கட்டாயம். என் மச்சினனுக்குச் சுதந்திரம். எனக்குச் சுதந்திரமும் அதற்கு மேல் 23,400 ரூபாயும். வருமானம் ஏற ஏற விருப்பம் கூடுகிறது. விருப்பம் தவறிப்போகும்போது விழுகிற செலவு மட்டும் கீழே போகிறது, பதினாலாம் பெட் வரைக்கும்.

என்னைக் கேட்டால் அந்த முக்கால் சதவீதத்தை எனக்கும் போடுங்கள் என்பேன். மச்சினனுக்கும், அவன் முகூர்த்த மாத வருமானத்துக்கும், எனக்கு மேலே இருக்கிறவர்களுக்கும். அதை அரசு மருத்துவமனைகளில் இன்னும் நான்கு ஆபரேஷன் தியேட்டருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் கொடுங்கள். அதற்கு மேல் ஏ.சி. ரூம் வேண்டும், பிடித்த டாக்டர் வேண்டும் என்கிறவர் தன் காசில் எந்த பாலிசியும் எடுத்துக்கொள்ளட்டும், என் அம்மா உட்பட. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள குறைகளை அடுக்குவீர்கள், தெரியும். எங்கள் அலுவலக அக்காவும் அடுக்கினார், அரை மணி நேரம். நான் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டி வந்தால் குறைகள் கொஞ்சம் சீக்கிரம் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை. சம்பளம் வாங்காதவனிடம் எப்படி வசூலிப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வண்டிக்கு வசூலித்துவிடுகிறோம், அது மட்டும் தெரிகிறது.

மச்சினன் இப்போது நடக்கிறான். மழைக்காலத்தில் கொஞ்சம் இழுக்கும். போன வருடம் பாலிசிக்கு விண்ணப்பம் போட்டான். காலில் ராடு இருப்பதை எழுதச் சொல்லி நான்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலுக்கு மூன்று வருடம் காத்திருப்பு. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா" என்றான். என்னத்தைச் சொல்ல.

பதினாலாம் பெட்காரரின் நம்பர் அவன் போனில் இருக்கிறது. தை மாதம் அவர் கூப்பிட்டார், சின்ன மகளுக்குக் காதுகுத்து, வியாசர்பாடியில் ஒரு சின்ன மண்டபம், வீடியோவுக்கு எவ்வளவு ஆகும் என்று. மச்சினன் காசு வாங்கவில்லை. இரண்டு கேமராவோடு போய் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று எடுத்தான். கிளம்பும்போது வாசலில் மொய் எழுதும் மேசையில் ஆயிரத்தொன்று வைத்தானாம். நோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் பெயரை எழுதிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே, "எந்த ஊரு?" என்று கேட்டார். இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்து பெட்டுன்னு எழுதிக்குங்க" என்றானாம். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.